வெள்ளைத்தாய் காத்த வயனம்

வெள்ளைத்தாய்க்குப் பசி பொறுக்காது. அச்சங்குளத்தில் இது ஊரறிந்த சங்கதி. காலையில் கம்பெனி வேன் ஏறும்போது தூக்குவாளி நிறையக் கம்மங்கூழ் கொண்டுபோவாள். பத்து மணிக்குள் பாதி காலியாகிவிடும். சரவெடி பின்னும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற கருப்பம்மாள், "மதினிக்குக் கல்லக் குடுத்தாலும் செரிச்சிரும்" என்பாள். வெள்ளைத்தாய் இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆளில்லை. "கொண்டா, தொட்டுக்கிட ஊறுகாயும் சேத்துக் கொண்டா" என்று சொல்லிவிட்டு விரல் நிற்காமல் பின்னிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு, 2006 சித்திரையில், பசி செத்துப் போனது. நாலு வாய் சாப்பிட்டால் தொண்டை வரைக்கும் நிறைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஐந்தாவது வாய் இறங்க மறுத்தது. அடிவயிற்றில் ஒரு கனம் வேறு. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். வெடிமருந்து நெடிக்குள்ளே நாள் பூராவும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? நாற்பத்தேழு வயதுப் பொம்பளைக்கு அங்கே வலிக்கிறது, இங்கே கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. அதனால் அவள் சொல்லவில்லை.

வைகாசியில் காரியாபட்டியிலிருந்து சேதி வந்தது. அங்கே கட்டிக்கொடுத்த ஒரே மகள் செல்வலட்சுமி முழுகாமல் இருக்கிறாள். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயின. இதுவும் போனால் மகனுக்கு வேறு பெண் பார்ப்போம் என்று சம்பந்தியம்மா கிணற்றடியில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாளாம். பெண்ணைப் பெற்றவள் என்ன செய்வாள்? மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து இருக்கன்குடி மாரியம்மனை வேண்டினாள். "ஆத்தா, இந்தப் பிள்ளை தங்கட்டும். ஆடி மாசம் முழுக்க உனக்கு வயனம் காக்கேன்."

வயனம் என்பது லேசுப்பட்ட விரதமில்லை. அடுப்பில் வெந்த எதையும் தொடக்கூடாது. பச்சரிசியை இடித்துக் கருப்பட்டி சேர்த்த துள்ளுமாவு, இளநீர், பழம், அவ்வளவுதான். உடம்பும் வீடும் சுத்தமாக இருக்கவேண்டும். கடைசி வெள்ளிக்குக் கோயிலில் போய் விரதத்தை முடிக்கவேண்டும். சோறில்லாமல் அரைநாள் தாங்காதவள் ஒரு மாசம் எப்படித் தாங்குவாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அவளோ இரண்டு உருண்டை துள்ளுமாவோடு நாளை ஓட்டினாள். "பசிக்கவே இல்ல புள்ள. என் பசிய ஆத்தா வாங்கிக்கிட்டா" என்று கருப்பம்மாளிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. புருஷன் சங்கிலிமுத்து கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தன் பெண்டாட்டியின் பக்தியைப் பற்றி டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார்.

ஊர் மொத்தமும் ஏமாந்தது இங்கேதான். வேறு மாசமாக இருந்திருந்தால், வெள்ளைத்தாய் சோறு தின்னவில்லை என்றதும் நாலு பேராவது என்ன ஏது என்று விசாரித்திருப்பார்கள். இப்போது நோய் தின்ற பசியை எல்லாரும் சாமி கணக்கில் எழுதிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து, "வயனம் முகத்துலயே தெரியுது" என்று கும்பிட்டார்கள்!

முகம் வற்ற வற்ற வயிறு மட்டும் உப்பியது. பாவாடை நாடாவை இரண்டு தடவை தளர்த்திக் கட்டினாள். அரைமணிக்கு ஒருதரம் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது; போனால் நாலு சொட்டு. கம்பெனியில் கக்கூஸ் மதிலோரம், தூரத்தில். பின்னுகிற சரத்துக்குத்தான் கூலி. எழுந்து எழுந்து போனால் சரம் எப்படி நீளும்? போர்மேன் கோட்டைச்சாமி ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டான்: "ஏத்தா, சரம் பின்ன வந்தியா, கக்கூசுக்குக் காவலிருக்க வந்தியா?" அன்றிலிருந்து வேலை முடியும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த அறையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் அதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

"என்ன மதினி, ஆத்தாளும் மகளும் ஒண்ணாப் பெக்கப் போறீகளா?" என்று கருப்பம்மாள் ஒருநாள் கேட்க, அறையே சிரித்தது. வெள்ளைத்தாயும் சிரித்தாள். மறுநாளிலிருந்து முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றிச் செருகிக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்றாவது ஆடி வெள்ளியன்று விடியக்காலையில் குளிக்கப் போனவள், உள்பாவாடையில் ரத்தத்தைப் பார்த்தாள்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நின்றது எப்படித் திரும்பி வரும் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. தீட்டு என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் இடித்தது. தீட்டுப் பட்டால் வயனம் முறிந்தது. வயனம் முறிந்தால்? காரியாபட்டியில் அப்போதுதான் மூன்றாம் மாதம் தாண்டி நான்கு நடந்துகொண்டிருந்தது. துணியைத் தனியாக அலசி விறகுக்குப் பின்னால் உலர்த்தினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை, விட்டு விட்டுப் பட்டது. கடைசி வெள்ளியன்று சங்கிலிமுத்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, "கெளம்பு புள்ள, கூட்டம் வந்துரும்" என்று அவசரப்படுத்தினார். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார். போனால் சாமி குத்தம். பாவம், அந்த மனுஷி உள்ளே துணி வைத்துக் கட்டிக்கொண்டு, இருக்கன்குடியில் அத்தனை சனத்துக்கு நடுவில், சன்னதிக்கு முன்னால் போய் நின்றாள். கையைக் கூப்பினாளே தவிர, நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. "குத்தம் என்னோடது. என்ன செய்யணுமோ என்னையச் செய்யி. பிள்ளையத் தொடாத" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

விரதம் முடித்து வீட்டில் பொங்கிய சோற்றில் மூன்று வாய்தான் உண்டாள். மூன்றும் வாந்தியாக வந்தன. "ஒரு மாசம் காய்ஞ்ச குடலு, அப்படித்தான் இருக்கும்" என்றார் சங்கிலிமுத்து. புரட்டாசியிலும் அதே கதை என்றதும் சாத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வயிற்றைச் சேலைக்கு மேலாகத் தட்டிப் பார்த்து, கேஸ் என்றார். எழுதிக்கொண்டே, "தீட்டுகீட்டு படுதாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் புருஷன் நின்றார். எந்த வாயால் சொல்வாள்? சொல்லாதவரைக்கும் அது அவளுக்கும் ஆத்தாளுக்கும் மட்டும் தெரிந்த குற்றம். சொல்லிவிட்டால் சபை ஏறிவிடும்.

"இல்லய்யா" என்றாள்.

கேஸ் மாத்திரை வந்தது. அடுத்த தடவை மூத்திரக் கடுப்புக்கு மாத்திரை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது, ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வந்தது. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அவளும் போனாள். மகளுக்கு ஐந்து முடிந்தது, ஆறு முடிந்தது. ஒவ்வொரு மாசம் தாண்டும்போதும் வெள்ளைத்தாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. தன் உடம்பு மோசமாக ஆக ஆக, தான் கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கிறாள், பிள்ளை ஏன் குடிக்கவேண்டும்?

கார்த்திகையில் வளைகாப்பு முடித்து மகளைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். இரண்டாம் நாளே செல்வலட்சுமி கேட்டாள்: "ஏம்மா இப்படி மூச்சு வாங்குத? வயிறு ஏன் இம்புட்டு இருக்கு?" வெள்ளைத்தாய் ஏதோ சொல்லி மழுப்பினாள். அந்த வாரம் விருதுநகரில் மகளுக்குக் காட்டுகிற ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனாள். வராந்தாவில் கர்ப்பிணிகள் பெஞ்சில் ஆத்தாளும் மகளும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதிக்கொண்டு வந்த நர்சு, தலையை நிமிர்த்தாமலே வெள்ளைத்தாயின் வயிற்றைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனையாவது மாசம்?" என்றாள். நிமிர்ந்து நரைத்த தலையைப் பார்த்ததும் அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. பெஞ்சில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். செல்வலட்சுமி சிரிக்கவில்லை. எழுந்து தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போய், "எனக்கு அப்புறம் பாருங்க. முதல்ல எங்கம்மாவப் பாருங்க" என்றாள்.

வயிற்றில் கை வைத்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினார். "ரத்தம் பட்டுச்சாம்மா?"

வெள்ளைத்தாய் திரையைப் பார்த்தாள். "வெளிய கேக்குமா?"

"கேக்காது. சொல்லுங்க."

ஆடியிலிருந்து படுகிறது என்றாள். நாலு மாசத்தில் முதல்தடவையாக அது அவள் வாயிலிருந்து வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். அன்றே மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மதுரையில் வயிற்றிலிருந்து நாலு லிட்டர் நீரை இறக்கினார்கள். சினைப்பையில் புற்று, குடல் மேலெல்லாம் பரவிவிட்டது, இப்போது கத்தி வைக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். சங்கிலிமுத்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்று, "சாமி காரியம்னு சந்தோசப்பட்டேனே, சாமி காரியம்னு சந்தோசப்பட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தையில் செல்வலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மருந்து இரண்டு தடவை ஏற்றியும் கேட்கவில்லை; சித்திரையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சங்கிலிமுத்துவிடமும் மகளிடமும் சொல்லியிருந்தார். வெள்ளைத்தாய் அச்சங்குளத்து வீட்டில் மூலையில் சுருண்டு கிடந்தாள். எந்தப் பிள்ளைக்காக இத்தனையும் பட்டாளோ, அந்தப் பிள்ளை பத்தடி தூரத்தில் தொட்டிலில் கிடந்தது. அவளோ அதைத் தொடமாட்டேன் என்றாள். பக்கத்தில் கொண்டுவந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்தாள் செல்வலட்சுமி. "இது ஒட்டிக்கிடாதும்மா. டாக்டரம்மாட்டக் கேட்டுட்டேன்."

"அதுக்கில்ல தாயி."

"பெறகு எதுக்கு?"

அப்போதுதான் வெள்ளைத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். விறகுக்குப் பின்னால் உலர்த்திய துணி, சன்னதியில் தலை நிமிராமல் நின்றது, சாத்தூர் டாக்டரிடம் சொன்ன பொய். "தீட்டோட உள்ள போனவ நானு. ஆத்தா என்னையத் தண்டிச்சிட்டா, அதோட போகட்டும். நான் தொட்டா அது பிள்ளைக்கு ஏறும்."

செல்வலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "லூசாம்மா நீ? பெத்து ஒம்பது நாளு, நானும் தீட்டோடதான் இருக்கேன். என் மடியிலதான ராவும் பகலும் கெடக்கா? ஆத்தா இவள என்ன செஞ்சிட்டா? உனக்கு வந்தது தண்டனை இல்லம்மா, சீக்கு. அந்த ரத்தமே சீக்கு வந்ததுக்கு அடையாளம்னு டாக்டரம்மா சொன்னாக. மனுசிக்கு வாரது. யாருக்கும் வாரது." சொல்லிக்கொண்டே தாயைத் தூக்கி உட்காரவைத்து, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, அவள் மடியில் கிடத்தினாள்.

வெள்ளைத்தாயின் கை மெள்ள மெள்ளப் பிள்ளையின் தலைக்கடியில் போனது. அதன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். மகள் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கவேண்டும். நிமிர்ந்தாள்.

"அப்ப, ஆடியிலயே நான் சொல்லியிருந்தா பொழச்சிருப்பனா தாயி?"

பிள்ளை பாலுக்குச் சிணுங்கியது. செல்வலட்சுமி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். வெள்ளைத்தாய் கொடுக்கவில்லை.