குடில் வைக்கோலும் நாயின் வயிறும்

எங்கள் வீட்டில் சோறு நடந்தது. எங்கள் ஊரான மஹய்யாவில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஆனால் கதிரை மெத்தையில் கிடந்த வெள்ளைப் பருக்கை ஒன்று நெளிந்து நகர்ந்ததை நானும் மனைவியும் கண்ணால் பார்த்தோம். அதுவரை, டிவி முன்னால் சாப்பிட்டுச் சிந்துகிறவன் நான்தான் என்று தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

குற்றவாளி நானல்ல, புழு விழுத்தும் எங்கள் நாய்தான் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அது நீடிக்கவில்லை. மிருக வைத்தியர் தந்த மாத்திரையில் ஒரு மாதம் சுத்தமாக இருந்தது. பிறகு பழையபடி பருக்கை. இனிக் கண்டால் நாயைக் கெலிஓயாவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாள் மனைவி. வேலை முடிந்து வரும்போது என்னைக் கண்டு வாலாட்ட எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த முறை வைத்தியர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். நாயின் குடலில் இருப்பது நாடாப்புழு. அது துண்டு துண்டாகக் கழன்று வெளியே விழும். நாங்கள் கண்ட சோறு அதுதான். அதற்குள் முட்டை. அந்த முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சு தின்னும். குஞ்சு வளர்ந்து நாயைக் கடிக்க, நாய் ஆத்திரத்தில் தெள்ளைக் கடித்து விழுங்க, புழு மறுபடியும் குடலுக்குள். என்னைப் போலவே என் நாய்க்கும் முன்கோபம்தான் கேடு. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை கொடுத்துப் பயனில்லை, நாய் எதில் படுக்கிறது என்று கேட்டார் வைத்தியர். மனைவி கூரையைப் பார்த்தாள்.

அது படுத்தது, போன நத்தாருக்கு இயேசு பிறந்த காட்சியாக வீட்டில் வைத்த குடிலின் வைக்கோலில். வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் குடில்மீதும் தீர்த்தம் தெளித்துவிட்டார். மந்திரித்த வைக்கோலைக் குப்பை லொறியில் போடுவதாவது? மனைவி அதைச் சாக்கில் அடைத்துப் பின்பக்கம் வைத்தாள். நாய் ஏறிப் படுத்ததும், ஆசீர்வாதத்தில் படுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்த வைக்கோலில் நத்தார் முழுக்க, பொம்மை மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில், தெருப்பூனை ஒன்று தெள்ளோடு குடியிருந்தது. குழந்தை இயேசுவுக்குத் துணை என்று அதையும் அவள் விரட்டவில்லை.

எரித்துவிடு என்றேன். பாவம் பிடிக்கும் என்றாள். கோயிலுக்கே போய்க் கேட்டோம். ஃபாதர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மந்திரிச்சதை எரிக்கலாம், புதைக்கலாம். நாய்க்குப் படுக்கையாப் போடச்சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

வந்த கையோடு மனைவி வைக்கோல் சாக்கை எரித்தாள். பூனைக்கும் நாய்க்கும் தெள்ளு மருந்து பூசினோம், நாய்க்கு மாத்திரையும் கொடுத்தோம். எல்லாம் சரி, ஆனால் நாயைக் கொண்டுபோக வரும்படி அவள் அண்ணனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கயிற்றோடு வந்து நின்றார்.

மனைவி கயிற்றை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். "நாய் மேல என்னண்ணே பிழை? படுக்கை போட்டது நானு. உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கம் போனேன். நாய் புதுப் படுக்கையில் கிடந்தது. வாராவாரம் சுடுதண்ணீரில் துவைக்கக்கூடிய துணியாக இருக்கவேண்டும் என்று வைத்தியர் அவளிடம் சொன்னாராம். அது என் போர்வை.