இடது சிலிண்டரின் சூடு

காலை ஏழு இருபதுக்கு இடது சிலிண்டரின் சூடு ஏறத் தொடங்கியது. நேரத்தை நான் மறக்கவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழேதான் அந்த எண் இருந்தது.

நாவற்குடாவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருந்தேன். மடியில் டப்லெட். தாங்கியின் உச்சியில் மகள் கட்டிவிட்டிருந்த அன்டெனா. முன்னால் வாவி. மாசி மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரு வெளிர்ப்பு. தோணியில் நின்று வலை வீசும் ஒருவர் ஆகாயத்தில் நிற்பதுபோலத் தெரிந்தார். அந்த வெளிர்ப்புக்குள் எங்கோ என் மகள், தானே கட்டிய விமானத்தில் பறந்துகொண்டிருந்தாள்.

மூடிக் கிடந்த ஐஸ் பெக்டரி ஒன்றின் கொட்டகையில் அவளும் கூடப் படித்த சிநேகிதனும் அதைக் கட்டினார்கள். அலுமினியக் குழாய், துணி போர்த்திய இறக்கை, வெளிநாட்டிலிருந்து பழையதாக வந்த இரண்டு சிலிண்டர் எஞ்சின். கொழும்பில் அனுமதி எடுப்பதற்குத்தான், கட்டுவதைவிட அதிக பொறுமை தேவைப்பட்டது. கடைசியில் வாவிக்கு மேலேயும் அதற்கு அப்பாலுள்ள வயல்களுக்கு மேலேயும் பறந்து பார்க்கலாம், வீடுகளுக்கு மேலே போகக்கூடாது என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து என் நித்திரை போனது.

விமானத்தை அவள் ஒரு நோயாளியைப் போலத்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் தாதி. தீக்காய வாட்டில் கன காலம் நின்றவள். எனக்குப் புரியும் மொழி அது என்று அவளுக்குத் தெரியும். புகை வெளியேறும் குழாய்களில் ஒவ்வொரு உணரி, சிலிண்டர்த் தலைகளில் ஒவ்வொன்று, எண்ணெய் அழுத்தத்துக்கு ஒன்று, சுற்று வேகத்துக்கு ஒன்று. அவை காட்டுவது அவளுக்கு முன்னால் உள்ள சின்னத் திரையிலும் விழும், காற்றில் வந்து என் மடியிலும் விழும். புகையின் சூடு எழுநூறு பாகை என்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறதாம். காய்ச்சலில் முப்பத்தொன்பதைக் கண்டாலே டொக்டரைத் தேடுகிற எனக்கு அதைப் பழக நாள் எடுத்தது.

இடது சிலிண்டர் தொடக்கத்திலிருந்தே வலதைவிடக் கொஞ்சம் சூடாக ஓடியது. காற்று இரண்டுக்கும் ஒரேமாதிரிப் படுவதில்லை என்று சொல்லி, மெல்லிய தகடு ஒன்றை வெட்டி வளைத்து, அந்தப் பக்கம் காற்றைத் திருப்பிவிட்டாள். கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் இடதுக்குத்தான் போகும். இரண்டு பிள்ளைகளில் சுகமில்லாததை முதலில் தொட்டுப் பார்ப்பதுபோல.

அவளுக்கு முன்னாலேயே எல்லாம் தெரியும்போது நான் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். என்னை அடக்கி வைக்கத்தான் இந்த வேலையைத் தந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். அவள் சிரித்தாள்.

"சும்மா இருந்து பயப்பிடாம, வேலை செஞ்சு செஞ்சு பயப்பிடுங்களன் அம்மா."

எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். ஞாயிறுகளில் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரைக்குப் போய், ஒவ்வொரு வயல்வட்டையாக நடந்து, மேட்டுநிலங்களைப் பார்த்து வருவாள். வயல்காரர்கள் அவளைப் 'பிளேன் புள்ள' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய பேச்சும் இழுவையும் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லும் சில சொற்களுக்கு நான் அர்த்தம் கேட்பேன். சில நாட்களில் களைப்பில் கேட்காமல் விட்டுவிடுவேன்.

அன்று காலை எழுநூற்றுப் பத்தில் நின்ற இடது பக்கம் எழுநூற்று நாற்பதானது. பிறகு எழுநூற்று எழுபது. வலது அசையவில்லை. எஞ்சின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பனிக்குள் அது ஒரு தையல் இயந்திரம் ஓடுவதுபோல இருந்தது, யாரோ நீளமான துணியைத் தைத்துக்கொண்டே மேற்கே போவதுபோல. பிறகு அந்தத் தையலில் ஓர் இடறல் விழுந்தது. சுற்று வேகம் இறங்கியது. அவள் எஞ்சினைத் தணிக்கிறாள் என்று விளங்கிற்று. தணித்தால் சூடு இறங்கும் என்று சொல்லித் தந்திருந்தாள். இறங்கவில்லை. எண்ணூறைத் தாண்டியது.

நான் எழும்பி நின்றேன். எழும்பினால் இன்னும் அதிகம் தெரியும் என்றா நினைத்தேன், தெரியாது. எண்ணூற்று நாற்பத்தேழு என்று காட்டிவிட்டுத் திரை அப்படியே நின்றது. அவள் தாழப் பறந்தால் தொடர்பு அறுந்துபோகும் என்று தெரியும். தெரிந்த விஷயங்கள் எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. சத்தமும் இல்லை. வலை வீசியவர் அதே இடத்தில் நின்றார். வாவி ஒரு கண்ணாடித் துண்டுபோலக் கிடந்தது. உலகம் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

அப்போது போன் அடித்தது. மகளின் குரல். காற்றா மூச்சிரைப்பா என்று தெரியாத இரைச்சலுக்குள் துண்டு துண்டாக வந்தது.

"அம்மா... சூட்டுக்குப் பக்கத்தில நிக்கன்... எல்லாரும் தள்ளிக்கொண்டு..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எண்ணூற்று நாற்பத்தேழு பாகைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பெற்றோல் தாங்கி அவள் இருக்கைக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். எல்லாரும் தள்ளி நிற்கிறார்கள், யாரும் கிட்டப் போக முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். படுவான்கரையில், பனிக்கு மேலே, புகை ஒன்று நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

நான் வாட்டுக்குப் போன் எடுத்தேன். கட்டில் ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார்கள். மகளுக்கு என்றேன். உடம்பில் நூற்றுக்கு எத்தனை வீதம் எரிந்திருக்கிறது என்று, கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார்கள். அந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மாரிடம் நான் கேட்டிருக்கிறேன். தெரியாது என்றேன். பிறகு அம்புலன்ஸ். எந்த இடம் என்று கேட்டார்கள், படுவான்கரை என்றேன், படுவான்கரையில் எங்கே என்றார்கள். மறுபடி வாட்டு. சத்திரசிகிச்சை டொக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டேன், லைனில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்தால் எதுவும் நடந்து முடிந்ததாக ஆகாது என்று ஒரு நினைப்பு. காதில் போனோடு படியிறங்கி, வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைக்கு வந்து, சேலைக் கரை நனைய நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெயில் வந்தது. பனி கலைந்து, புகை மட்டும் மெலிந்து தெரிந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்த ஒரு பகல் ஞாபகத்துக்கு வந்தது. அன்றும் இதே வெளிச்சம். நெற்றியில் கை வைத்தால் சுட்டது, கையை எடுத்தால் பயமாக இருந்தது. இப்போது கையை எங்கே வைப்பது? தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது.

தோணி ஒன்று என்னை நோக்கி வந்தது. வலை வீசியவர்தான் என்று முதலில் நினைத்தேன். அவர் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிய, என் வயதுக்காரர் ஒருவர். தலையிலும் தோளிலும் வைக்கோல் தூசி. தோணியைக் கரையில் இடித்து நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்டார்.

"பிளேன் புள்ளைட அம்மா நீங்கதானே? என்னகா, போனில யாரோட இவ்வளவு கதை? அவ எடுக்க எடுக்க எங்கேஜ் எங்கேஜ் எண்டுதான் வருதாம்."

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"புள்ள நல்ல சுகம். ஒரு கீறலும் இல்ல. எங்கட மேட்டுநிலத்தில பூப்போல இறக்கிட்டா. இறக்கினதுதான் இறக்கினா, கொண்டுபோய் எங்கட சூட்டுக்குப் பக்கத்திலயா நிப்பாட்டுற? எஞ்சின் கொதிக்குது, ஒரு பொறி பட்டாப் போதும், முழு வெள்ளாமையும் போயிரும். நாங்க எல்லாரும் சேர்ந்து பிளேனத் தள்ளிக்கொண்டு போய் அங்கால விட்டம்."

சூடு. அறுத்த நெற்கதிரை அடிப்பதற்கு முன் மேட்டில் குவித்து வைப்பார்களே, அந்தக் குவியலுக்கும் எங்கள் பக்கத்தில் சூடு என்றுதான் பெயர். எனக்குத் தெரியாத சொல் இல்லை. அறுவடை மெசின் வந்த பிறகு சூடு வைப்பது குறைந்துபோய், சொல்லும் என் காதிலிருந்து இறங்கிவிட்டது. வாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அந்த வட்டையில் நிலம் சேறாக இருந்ததால் மெசின் இறங்கவில்லையாம், கையால் அறுத்தார்களாம். காய்ந்த மேடு அங்கே ஒன்றுதான். சூட்டுக்கும் அதுதான் இடம், விமானத்துக்கும் அதுதான் இடம். புகை, பக்கத்து வயலில் யாரோ வைக்கோல் எரித்தது.

நான் கரையிலே, ஈரத்திலே, குந்திவிட்டேன். கையிலிருந்த போனில் வாட்டிலிருந்து யாரோ இன்னும் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதும்போதும் கண்ணை மூடினால் அந்த மூன்று இலக்கங்கள் இருக்கின்றன. அவளோ அடுத்த பறப்புக்குப் புது றப்பர்க் குழாய் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்று, அவள் ஏன் கூட வரவில்லை என்று அவரிடம் கேட்டேன். தோணியில் இருந்தபடியே கோலை ஊன்றிக்கொண்டு, பாடமாக்கி வந்ததை ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்:

"எஞ்சின் கொதி ஆறும் வரைக்கும் அங்கால இங்கால அசையமாட்டாவாம். காத்து உள்ள போற றப்பர் ஒண்டு வெடிச்சிருக்காம், அதுதான் எஞ்சினுக்கு வருத்தமாம். இடது பக்கம் கடைசியா எவ்வளவு காட்டினது எண்டு அம்மாட்டக் கேட்டுக்கொண்டு வரட்டாம். நீங்க கட்டாயம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீங்களாம்."