பதினேழாம் மூடி

என் தம்பி பதினேழாம் மூடியின் மேலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இடது கை சாரக் கம்பியைப் பிடித்திருந்தது. வலது கையில் தேய்ந்த உளி. போல்ட்டின் தலை எங்கே இருக்கிறதென்று கால்மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தான். மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் ஒரு மஞ்சள். வருகிற அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் பிடிக்கும். பழையதைச் சுரண்டச் சொன்னவர் ஒருவருமில்லை.

அவனுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. அலுவலகத்தில் அவனை எல்லோரும் மூடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

குன்றை வெட்டிச் சாலை போட்டபோது மண் சரியாமலிருக்க ஒரு சுவர் கட்டினார்கள். சுவர் சும்மா நிற்கவில்லை. இரும்புக் கம்பிக் கற்றைகளைக் குன்றுக்குள் ஆழமாகச் செலுத்தி, உள்முனையைச் சிமெண்டில் பிடிக்கவைத்து, வெளிமுனையை இழுத்துச் சுவரில் ஒரு தகட்டோடு பூட்டியிருக்கிறார்கள். ஆங்கர் என்பது அதுதான். மொத்தம் அறுபத்துநான்கு. பூட்டின்மேல் ஒரு மூடி, மூடிக்குள் துருப்பிடிக்காமலிருக்கக் கிரீஸ். ஆண்டுதோறும் அந்த மூடிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது தம்பியின் வேலை.

சரிபார்க்க ஒரு படிவம் உண்டு. மூடி இருக்கிறதா? பெயிண்ட் உரியாமல் இருக்கிறதா? எண் தெளிவாகத் தெரிகிறதா? மூன்று கேள்விகள்தான். மூடியைத் திறந்தால் பெயிண்ட் உரியும், உரிந்தால் இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதவேண்டும். அதனால் ஒருவரும் திறப்பதில்லை.

சுவருக்கு நேர் கீழே எங்கள் இல்லம். எழுந்து நடக்க முடியாத முப்பத்திரண்டு பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்தத் தடவை, மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. ஒரு மூடியையாவது திறந்து படம் எடுத்து வைக்கவேண்டும் என்றார் தம்பியின் பொறியாளர். பளபளக்கும் தலைமுடியும் ஷூவும் உள்ளவர், அதனால் பளபளா. ஆறாவது போல்ட்டும் கழன்று மூடி வந்தபோது உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் மின்னியது.

"பாத்தியா மூடி! இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, நேத்து வச்ச மாதிரி இருக்கு. நம்ம ரெண்டு பேர் கைராசிய்யா!" என்று கீழிருந்து கத்தினார் பளபளா. மூன்று படம் எடுத்தார். ஒன்றில் அவரும் இருந்தார்.

"கையெழுத்தைப் போட்டுட்டு இறங்கு."

"டீ குடிச்சிட்டு வந்து போடறேன் சார்."

இல்லத்துக்கு வந்தவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு பெரியவரைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"என்னடா, டீயில ஈ கிடக்கா?"

"கிரீஸ் நல்லாத்தான் இருக்கு அக்கா."

"அப்புறம் ஏன் சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே?"

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான். தகட்டுக்குப் பின்னால், கம்பி மண்ணுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு முழ நீளத்துக்குப் பொந்து இருக்கிறது. கீழ்த்துளை வழியாகக் கிரீஸை அடித்து, மேல்துளை வழியாக வெளியே வரும்வரை அதை நிரப்பவேண்டும். இருபத்திரண்டு வருடம் முன்பு, சாலைத் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், மல்லாக்கப் படுத்துக் கீழ்த்துளைக்கு அடிக்க நேரமில்லை. மூடியை மட்டும் நிரப்பினார்கள். படிவத்தில் 'முழுவதும் நிரப்பப்பட்டது' என்று எழுதினார்கள். அடித்தவன் என் தம்பி. எழுதச் சொன்னவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த பளபளா. கையெழுத்து இருவருடையதும்.

"அதான் கைராசின்னு சொன்னாராக்கும்," என்றேன். "பொந்துக்குள்ள எப்படி இருக்குன்னு பாத்தியா?"

"பாத்தா என் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுக்கும்."

நான் பெரியவரின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். எங்களிடம் முன்பு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். எட்டு நாள் 'தோல் நன்றாக உள்ளது' என்று எழுதினாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஒன்பதாம் நாள் நான் இந்தப் பெரியவரைத் திருப்பிப் பார்த்தபோது இடுப்புப் பக்கம் படுக்கைப்புண்ணில் எலும்பு தெரிந்தது. இதைத் தம்பிக்குச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணை என்ன பண்ணே?"

"திட்டினேன். அப்புறம் புண்ணைக் கழுவக் கத்துக்கொடுத்தேன். இப்ப அவளை மாதிரி முதுகு பாக்கற ஆள் இங்க இல்லை. இந்தா." புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி ஒரு சுருளும், பரிசோதனைக்கு அனுப்புகிற மூடியுள்ள பாட்டில் ஒன்றும் கொடுத்தேன். "புண்ணுல எடுக்கற மாதிரி எடு."

அவன் மறுபடி சாரம் ஏறினான். கட்டுக்கம்பியை வளைத்து நுனியில் காஸைச் சுற்றி, தகட்டின் மேல்துளைக்குள் விட்டான். கம்பி தடையில்லாமல் முழங்கை நீளம் போயிற்று. வெளியே வந்தபோது காஸ் செங்கல் நிறத்தில் ஈரமாக இருந்தது. அதில் துருச் செதில்களும், ஆங்கர் கற்றையிலிருந்து கிள்ளி எடுத்தாற்போல் ஒரு விரல்நீளக் கம்பித் துண்டும் ஒட்டியிருந்தன. அவன் சட்டைக் கை வழியாகப் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது.

எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டு மூடிக் கீழே கொண்டுவந்தான். பளபளா பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குப் படிவத்துல இடம் இல்லையே."

"பின்பக்கம் எழுதறேன் சார்."

"எழுது. உன் பேரை முதல்ல எழுது. ஏழு மாசத்துல வீட்டுக்குப் போறவன், இப்பவே போகணும்னு ஆசையா?"

"உங்க பேரை ரெண்டாவதா எழுதறேன். அன்னிக்கு எழுதின வரிசையிலேயே."

சாயங்காலம் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, உங்க தம்பி படிவத்தோட பின்பக்கம் பூரா எழுதிட்டு வந்திருக்காரு. வாழ்க்கையில எனக்கு ஒரு கடுதாசி எழுதினதில்லை."

"சோத்தைப் போடு. நாளைக்கு வேலை இருக்கு," என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முப்பத்திரண்டு கட்டில்களையும் சுவர்ப்பக்கத்திலிருந்து முன்கூடத்துக்குத் தள்ளினோம். இடம் போதவில்லை. நான்கு பேரை என் அறையில் போட்டேன். எட்டு மணிக்குப் பளபளா இரண்டு பெயிண்டர்களை அனுப்பினார், பதினேழாம் மூடியைப் பச்சையாக்க. ஒன்பது மணிக்குக் குழு வந்தது. படங்களை வரிசையாகப் பார்த்துத் தலையாட்டியது. பிறகு தம்பி பாட்டிலை நீட்டினான்.

குழுவின் தலைவி அதை அசைத்துப் பார்த்தார். படிவத்தைத் திருப்பிப் படித்தார். "ஈரப் பெயிண்ட் வாசனை எங்கிருந்து வருது?" என்று மட்டும் பளபளாவைக் கேட்டார். பளபளா தன் ஷூவைப் பார்த்தார்.

சுவரையொட்டிய சாலையை மூடினார்கள். அறுபத்துநான்கு ஆங்கர்களையும் திறந்து, தகட்டின் பின்புறம் பார்த்து, ஜாக்கி வைத்து இழுத்துச் சோதிக்கவேண்டும் என்று எழுதினார்கள். தம்பி மேல் விசாரணை உண்டு என்றும் எழுதினார்கள். அதுவரை சோதனையை நடத்த அந்தத் துளைகளை அறிந்த வேறு ஆள் இல்லாததால், அவனே நடத்தவேண்டும் என்றும் அதன் கீழேயே எழுதினார்கள்.

பத்தரைக்கு அவன் சாரத்தைப் பதினெட்டாம் மூடிக்கு நகர்த்தினான். பெயிண்டர்கள் சும்மா நின்றார்கள். அவர்கள் கையிலும் ஆளுக்கொரு உளியைக் கொடுத்தான்.

"எத்தனை பூச்சு இருக்கும்?" என்று கேட்டான்.

"ஒம்பது," என்றான் மூத்த பெயிண்டர் உடனே. "எல்லாம் நான் அடிச்சதுதான்."

மூன்று பேரும் சுரண்ட ஆரம்பித்தார்கள்.