பத்தில் ஏழு பேர்

நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அங்கம்மாவுடையது. அவள் புருஷன் பெரியதம்பி ரப்பர் பால் வெட்டுகிறவன். அவன் குடித்தால் லயத்துக்கே தெரியும். குடிக்காவிட்டால் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளியோடு நிறுத்தியவன் பொங்கலுக்கும் தொடவில்லை. சந்தோஷத்தைக் காட்டினால் கண் பட்டுவிடும் என்று அங்கம்மா அவனை வழக்கம்போலத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ரேஷன் கடைக்கு எதிரே அந்த போர்டு வந்தது. ‘இந்தக் குடியிருப்பில் பத்து ஆண்களில் ஏழு பேர் குடிக்கிறார்கள். திருந்துவோம்!’ பக்கத்தில் ஒரு குடிகாரன் படம். அவன் போட்டிருந்த மாதிரிச் சட்டை லயத்தில் ஒருத்தனிடமும் கிடையாது.

போர்டு வைத்த சர்க்கார் அலுவலகம் எதிர்பார்த்தது வெட்கத்தை. வந்ததோ நிம்மதி. சர்க்காரே எழுதிப் போட்ட பிறகு என்ன பயம்? ஏழு பேர் கட்சி நிமிர்ந்து நடந்தது. மிச்ச மூன்று பேரைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

“க்யா பாய், மூணாவது ஆளு, இன்னைக்கும் டீதானா?” என்றான் உதயசூரியன். பெரியதம்பியோடு ஒரே சரிவில் பால் வெட்டுகிறவன். பெரியதம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த அங்கம்மா அன்று அவனைத் திட்ட மறந்தாள்.

அந்த மாதக் கப்பலில் வைஜெயந்தி வந்தாள். மனிதர்கள் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. சமூக உளவியல் என்று பெயர். அவள் அதில் ஆராய்ச்சிக்காரி. வீடு வீடாகப் போய் ஆண்களிடம் பேசினாள். கடைசியில் அங்கம்மாவோடு போர்டின் முன் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“நிறையப் பேர் குடிக்கிறாங்கன்னு எழுதினா, அது தப்புன்னு தோணாதுக்கா. ஊரே போற வழின்னுதான் தோணும்.”

“அப்ப இன்னைக்கே பிடுங்கிப் போட்டுருங்க, மேடம். மாரியம்மன் திருவிழா வருது. அவரு தாங்கமாட்டாரு.”

வைஜெயந்தியால் பிடுங்க முடியாது. அறிக்கை எழுத வேண்டும், அது போர்ட் பிளேருக்குப் போக வேண்டும், அங்கே யாராவது படிக்க வேண்டும். அங்கம்மாவாலும் முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி இங்கே இறக்கப்பட்டவர்களின் மகள் அவள். சர்க்கார் நட்டதைப் பிடுங்கினால் நம்மையும் பிடுங்கி வேறெங்காவது நட்டுவிடுவார்கள் என்ற பயம் தாய்ப்பாலோடு வந்தது. இருந்தும் ஒருநாள் மண்வெட்டியோடு போனாள். போர்டைச் சுற்றி இருந்த புல்லைச் செதுக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். போர்டு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

திருவிழாவில் உதயசூரியன் கிளாஸை நீட்டினான். “எத்தனை நாளைக்குத்தான் தனியா நிப்ப? வந்து ஏழுல சேரு.”

பெரியதம்பி சேர்ந்தான். ராத்திரி தள்ளாடியபடி, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போனான். மறுநாள் கடல் வற்றியபோது ஜெட்டிக்குக் கீழே, தூணோடு ஒட்டிக் கிடந்தான்.

அறிக்கையை யாரோ படித்திருக்கிறார்கள். மழைக்கு முன்பே ஆட்கள் வந்து புது போர்டு நட்டார்கள். ‘இந்தக் குடியிருப்பில் குடி வேண்டாம் என்று நினைப்பவர்களே அதிகம்.’ பொய்யில்லை, வைஜெயந்தி வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பதில்தான். அந்த அதிகத்தில் பெரியதம்பியும் ஒருவன். அவள் கேட்டபோது உயிரோடு இருந்தான்.

உதயசூரியன் அதன் முன் வெகுநேரம் நின்றான். சாராயக் கடைப் பக்கம் போகாமல் லயத்துக்குத் திரும்பினான். அங்கம்மாவைக் கடக்கும்போது தலை நிமிரவில்லை.

பழைய போர்டின் தகரத்தை அங்கம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்றார்கள் ஆட்கள்.

“கோழிக்கூடு ஒழுகுது.”

எழுத்து உள்பக்கம் வரும்படி கூட்டின்மேல் கவிழ்த்துப் போட்டாள். கோழிகளுக்கு எண்ணத் தெரியாது.