மூன்று மணி பஸ்ஸில் போன செய்தி

எண்பதுகளில் நான் ஓசூரில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். பத்திரிகை சேலத்தில் அச்சானது. செய்திகளைக் கவரில் போட்டு மூன்று மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் மாலையில் நடக்கப்போவதை மதியமே நடந்ததாக எழுதிவிடுவோம். பள்ளி விழாவில் கலெக்டர் பரிசு வழங்கினார் என்று எழுதினால், அவர் எப்படியும் வழங்கத்தானே போகிறார்? எல்லா நிருபர்களும் செய்ததுதான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைநிறுத்தம். சங்கச் செயலாளர் மட்டும் மாலை நான்கு மணிக்கு உள்ளே போய் நிர்வாகத்தோடு பேசுவதாக ஏற்பாடு. ஊத்தங்கரைக்காரர், லேத்தில் வேலை. அவர் சம்மதித்துவிடுவார் என்று மேனேஜர் மதியமே என்னிடம் அடித்துச் சொன்னார். ‘நிர்வாகத்தின் நிபந்தனைகளைச் செயலாளர் ஏற்றார்’ என்று எழுதி பஸ் ஏற்றிவிட்டேன்.

அவர் ஏற்கவில்லை. ஆறு மணிக்கு வெளியே வந்து, முடியாது என்று சொல்லிவிட்டதாகக் கம்பெனி கேட்டில் நின்றவர்களிடம் சொன்னார். எனக்கும் தகவல் வந்தது. சேலத்துக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தியை நிறுத்தியிருக்கலாம். சோம்பேறித்தனம், போடவில்லை.

மறுநாள் பேப்பர் வந்ததும் அந்த மனிதர் துரோகி ஆனார். உள்ளே தலையாட்டிவிட்டு வெளியே நாடகம் ஆடுகிறான் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசினார்கள். ஒரு மாதம் கழித்து ஒப்பந்தமாகி எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகும், கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லையாம்.

எங்கள் ஆசிரியருக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. பிறகு டெல்லியில் பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் மன்றத்துக்கு எழுதினார். அங்கிருந்து நோட்டீஸ் வந்ததும் ஆசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டார். ‘நம்பத்தகுந்த வட்டாரம்’ என்றெல்லாம் எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மன்றம் மசியவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் திருத்தம் ஒன்றை, செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் போட்டால் புகாரை முடித்துக்கொள்ளலாம் என்றது.

‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்க வருத்தத்த வெச்சி நான் என்னங்க பண்றது? மெரட்டி வாங்கினேன்னுவாங்க. நீங்க எத்தன மணிக்கு எழுதினீங்கன்னு போடுங்க. அது போதும்.”

அதைப் போட்டால் நம் பிழைப்பு நாறிவிடும் என்று ஆசிரியர் போனில் கத்தினார். மன்றம் கொடுத்த கெடு நெருங்கவே, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். ‘அந்தச் செய்தி பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே அனுப்பப்பட்டது. பேச்சுவார்த்தை நான்கு மணிக்குத்தான் தொடங்கியது.’ அதை எழுதியதும் நான்தான். வாழ்நாளில் இரண்டு வரி எழுத அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

அது வெளிவந்த அன்று மதியம் வேறு வேலையாக அந்தக் கேட்டுப் பக்கம் போனேன். ஷிஃப்ட் மாறும் நேரம், நல்ல கூட்டம். அவர் என்னைப் பார்த்துவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

“வாங்க சார். நாளைக்கு நாங்க என்ன செஞ்சோம்னு எழுதியாச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஒருவன் சிரித்துக்கொண்டே அவர் தோளில் கை போட்டு கேன்டீன் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். எட்டு மாதமாக அந்தத் தோளில் ஒரு கையும் விழுந்ததில்லை.