இடப்பக்கமாக இரண்டு சுற்று

உக்குவளை ரயில் பாதைக்கு அருகே ரேடியோ திருத்துகிற ஒருவர், திறந்த பெட்டிக்குள் வேலை செய்யும்போது இடது கையைக் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடுமாம்.

மாத்தளையில் பழைய பேண்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அவரிடம் கொண்டுபோனேன். கிட்டாரைவிட அதன் கரகரப்புதான் உரக்கக் கேட்டது. மின்சாரம் பாயாத காய்ந்த கறுவாக் குச்சியால், கோளாறைத் தேடி அவர் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தட்டினார். ஓர் இணைப்பைத் தட்டியதும் பெட்டி அலறியது.

“எவனோ அரைகுறையா பாத்த வேலை போல,” என்றேன்.

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

“நான் பாத்த வேலைதாங்க. கம்பிய இடப்பக்கமா ரெண்டு சுத்து சுத்துறது நான் மட்டுந்தான்.”

எனக்குத்தான் முகம் சுருங்கியது. அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த இணைப்பை மட்டுமல்ல, தான் முன்பு ஈயம் வைத்த எல்லாவற்றையும் உருக்கி மறுபடி வைத்தார். வாசித்துப் பார்த்தேன். கிட்டார் மட்டுமே கேட்டது.

“யாராவது கேட்டா, கெடுத்ததும் நான், சரியாக்கினதும் நான்னு ரெண்டையும் சொல்லுங்க,” என்றார்.

கேட்பவர்களிடம் இரண்டையும் சொல்கிறேன். முதலாவதைச் சொல்லும்போதுதான் அவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.