தொடர்கதையில் அக்காவை வில்லியாக்கினேன்

அப்பாவுக்கு மறதி வந்த இரண்டாம் வருடம், மறதியை வைத்தே ஒரு சிரிப்புக் காதல் கதை எழுத ஆரம்பித்தேன். கைபேசியில் வாரம் ஓர் அத்தியாயமாக வரும் தொடர். கல்யாணமான மறுமாதம் படியில் வழுக்கி விழும் நாயகன், மனைவியை அடியோடு மறந்துவிடுகிறான். அவள் மாடிக்குக் குடிவந்தவள் போல நடித்து, அவனைத் திரும்பவும் காதலிக்க வைக்கப் பார்க்கிறாள். குன்னூரில் ஒரு தேயிலை ஏல அலுவலகத்தில் எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் வர்க்கி பிஸ்கட்டும் மறு கையில் கைபேசியுமாக எழுதுவேன்.

படித்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் சிரிக்கும்படி ஒன்றும் இல்லை.

அப்பா ஓய்வு பெறும்வரை எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவர். அம்மா இறந்த பிறகு வீட்டில் அவரும் நானும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் குளிப்பாட்டி, ஸ்வெட்டர் மாட்டி, சோற்றை மசித்து ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பகலில் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “ஏனுங்க டீச்சர், பஸ்ஸு போயிருச்சுங்களா?” என்று மரியாதையாகக் கேட்பார். நான் எந்த டீச்சர் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அக்கா திருப்பூரில் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக வருவாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். “வந்துட்டியா அம்மிணி” என்று பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் நான் அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். சாயங்காலம் அவள் யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவாள். திமிர் என்று நினைத்தேன்.

ஒருமுறை அவள் அப்படிப் போன மறுநாள், கதையில் நாயகிக்கு ஓர் அக்காவை நுழைத்தேன். மனைவியை மறந்த நாயகனுக்கு மனைவியின் அக்காவை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளோ ஓயாமல் ஏலக்காய் மெல்லுகிறாள், வாக்கியத்துக்கு வாக்கியம் “அப்படீங்கறியா” என்கிறாள். இரண்டும் என் அக்காவின் பழக்கங்கள். வாசகிகள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். “அவளை மலையிலிருந்து உருட்டிவிடுங்கள்” என்று ஒருத்தி எழுதியதை பஸ்ஸில் மூன்று தடவை படித்தேன். அடுத்த வாரமே காட்டெருமையைத் துரத்தவிட்டு, சோலூர் கேரட் தோட்டத்துச் சேற்றில் அவளைக் குப்புற விழவைத்தேன். அதை எழுதும்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் அக்கா வந்து நின்றாள். நேராக அடுப்படிக்கு வந்தாள்.

“கேரட் தோட்டத்துல என்னைய எதுக்கு புள்ள தள்ளிவிட்டே?”

“அது கதைக்கா.”

“ஏலக்காய் மெல்றது யாரு?”

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “தெனமும் குளிப்பாட்டறவ நானு. என்னைய டீச்சருங்கறாரு. நீ வந்தா பேரைச் சொல்லிக் கூப்புடறாரு. வயிறு எரியுதுக்கா.”

அவள் கோபப்படவில்லை. “கூப்புட்டதுக்கப்புறம் என்ன சொல்றாருன்னு ஒரு நாளாவது நின்னு கேட்டிருக்கியா?” என்றாள்.

அன்று நின்று கேட்டேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பையன விட்டுப்போட்டு வந்துட்டயில்ல அம்மிணி? இனிப் போயராத. உங்கம்மா சோறே உங்கறதில்ல.” சொல்லும்போதே அழுதார்.

“போகலீங்கப்பா” என்றாள் அக்கா.

அவள் வீட்டை விட்டுப் போய்க் காதல் கல்யாணம் செய்தவள். நாலு வருடம் அப்பா பேசவில்லை. குழந்தை பிறந்ததும் தானே திருப்பூருக்குப் போனார். பிறகு மாப்பிள்ளையை மகனைப் போல வைத்துக்கொண்டார். இப்போது அந்தச் சமாதானம் முழுக்க அவருக்கு மறந்துவிட்டது. அவள் போன நாள் மட்டும் மறக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தா அப்பா கல்லை எடுக்கறாரு. அதான் தனியா வர்றேன். போகலைன்னு பொய் சொல்லிப்போட்டு ஒவ்வொரு தடவையும் போகோணும். அடிக்கடி வரச் சொன்னா எப்படி வர்றது?” என்றாள் பிறகு.

அதைக் கேட்டதோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. போகாதே என்று அப்பா என்னிடம் ஒருநாளும் அழுததில்லை. நான் எங்கேயும் போனதில்லை.

“அந்த அத்தியாயத்தை எடுத்தறட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“எடுக்காத. அந்த அக்காளுக்கு ஒரு நல்ல புருஷனக் குடு, போதும்.”

கொடுத்தேன். அடுத்த வாரம் வாயாடியான, தொந்தி வைத்த ஒரு கணவன் கதைக்குள் வந்தான். நாயகியின் அப்பா வாசலுக்கே போய் அவனைக் கூட்டிவந்து, இலை போடச் சொன்னார். அதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். “அப்பா உண்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

வாசகிகளுக்கு அந்தத் தம்பதியை ரொம்பப் பிடித்துவிட்டது. நாயகியை விட்டுவிட்டு, அக்காவின் கதையைத் தனித் தொடராக எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இன்னும் எழுதவில்லை.